பூச்சிவிலக்கியியல்: பிக்கப் டிரக்கை முன்வைத்து ஒரு பன்முக ஆய்வு

பாயிரம்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களில் ஒரு சாரார் அதன் பானெட் முன்விளிம்பில் புருவம்போல ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். கடையில் அதற்கு பக் டிஃப்ளெக்டர் என்று பெயர். இக்கட்டுரையில் அது பூச்சிவிலக்கி எனப்படும். நெடுஞ்சாலையில் எதிரே வரும் பூச்சியும் பொடிக்கல்லும் பானெட் பெயின்ட்டில் படாமல் காப்பது அதன் பணி. விலை ஏறத்தாழ 50 டாலரிலிருந்து 150 டாலர்வரை. இதற்குமேல் இதைப் பற்றி அறியவேண்டியது எதுவும் இல்லை. ஆகவே ஆய்வுக்கு மிகவும் உகந்த பொருள்.

இப்பொருள் குறித்துத் தமிழில் இதுவரை ஆய்வு ஏதும் நிகழவில்லை என்பது பெருங்குறை. (எந்தக் கட்டுரையும் இந்த வாக்கியத்தோடுதான் தொடங்கவேண்டும். நிகழ்ந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் அதைப் படிக்கவேண்டி வரும்.) தொல்காப்பியர் பூச்சிவிலக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு நுணுக்கமானவர் இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்றால், அது அக்காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொருளாக இருந்திருக்கவேண்டும் என்பது வெளிப்படை.

ஆய்வின் கருதுகோள்: பூச்சிவிலக்கி பூச்சியை விலக்கும். ஆய்வுக்களம்: டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் என் மைத்துனர் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு ஃபோர்டு எஃப்-150 பிக்கப். முதன்மைச் சான்றுகள்: பூச்சிவிலக்கி வந்த அட்டைப்பெட்டி, உள்ளே மடித்திருந்த பொருத்துமுறைத் தாள், மைத்துனர். துணைமைச் சான்று: மைத்துனரின் மனைவி. ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகம் விற்கும் பிக்கப் வரிசை என்பதால், இங்கே கண்டதை எல்லா வண்டிகளுக்கும் பொதுமைப்படுத்தியிருக்கிறேன். ஒரே ஒரு வண்டியை வைத்து எப்படி என்று கேட்பவர்கள், ஒரு தெருவில் இருபது பேருக்கு வினாநிரல் கொடுத்துவிட்டு ‘தமிழ்ச் சமூகம்’ என்று அட்டையில் போட்ட நூல்களைப் பார்த்ததில்லை போலும்.

நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். ஆகவே என் கட்டுரை வந்து சேர்ந்த மறுகணம் உங்கள் ஊர்க் கருத்தரங்கம் பன்னாட்டுக் கருத்தரங்கம் ஆகிவிடும். பதிவுக்கட்டணத்தில் இதைக் கருத்தில் கொள்ளவும்.

முன்னோடிகள்

இத்துறையைக் கேலிப்பொருள் என்று நினைப்போர் சற்றுப் பொறுக்கவேண்டும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மார்க் ஹோஸ்டெட்லர், கார் கண்ணாடியில் சிதறிய கறையை வைத்தே அது எந்தப் பூச்சி என்று இனங்காண ஒரு கையேடு எழுதினார். 1997-இல் பூச்சியியலுக்கான இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கு உரியது) அதற்குக் கிடைத்தது. 2004-இல் பிரிட்டனின் பறவைகள் பாதுகாப்புச் சங்கம் கார்களின் நம்பர் பிளேட்டில் ஒரு பிளாஸ்டிக் படலத்தை ஒட்டச் சொல்லி, அதில் அடிபட்ட பூச்சிகளை எண்ணித் தரும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது. கிட்டத்தட்ட 40,000 பேர் எண்ணினார்கள். மொத்தம் 3,24,814 கறைகள். சராசரியாக 5 மைலுக்கு ஒரு பூச்சி.

டென்மார்க்கில் இரண்டு சாலைத் துண்டுகளில் 1997 முதல் 2017 வரை காரோட்டிக் கண்ணாடியில் பட்ட பூச்சிகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். ஒன்றில் 80 விழுக்காடும் மற்றொன்றில் 97 விழுக்காடும் குறைந்திருந்தன. பிரிட்டனில் 2021-இல் மறுபடி எண்ணியபோது, 2004-ஐவிட ஏறத்தாழ 59 விழுக்காடு குறைவு. இருபது ஆண்டு அதே சாலையில் போய் அதே கறையை எண்ணுவது கேலிக்குரியதுதான். பூச்சிகள் குறைந்துவருவது நமக்குத் தெரிய அந்த எண்ணிக்கையும் உதவியது என்பதும் உண்மை. இவர்களை நான் கேலி செய்யவில்லை. எதையும் எண்ணாமல், எந்தச் சாலையிலும் போகாமல், மேற்கோளுக்கு மேற்கோள் கட்டி மாடி எழுப்புகிறவர்கள் மட்டும் இக்கட்டுரையைத் தங்களுக்கே எழுதியதாகக் கொள்ளலாம்.

நமக்கு இதில் ஒரு துறைசார் நெருக்கடியும் உண்டு. பூச்சி தீர்ந்துவிட்டால் பூச்சிவிலக்கியியலுக்கு நிதி யார் தருவார்?

வகைமை

பொருளால் இரண்டு. ஒன்று அக்ரிலிக், இரண்டாம் உலகப் போரில் போர்விமானங்களின் கண்ணாடிக் கூடுகளுக்குப் பயன்பட்ட வீரப்பரம்பரை. இன்று இது வெட்டுக்கிளியோடு போரிடுகிறது. கீறலை ஓரளவு தாங்கும், ஆனால் கல் பட்டால் விரிசல் விடும். மற்றொன்று பாலிகார்பனேட். 1953-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டெடுத்தது. ‘நான்தான் முதலில் சொன்னேன்’ என்னும் சிக்கல் பிளாஸ்டிக்கையும் விட்டுவைக்கவில்லை. இது கல்லுக்கு அசையாது, கீறல் விழும், மேல்பூச்சு சரியில்லை என்றால் வெயிலில் மஞ்சளாகும்.

நிற்கும் விதத்தால் இரண்டு: எழுந்து நிற்பது, படிந்து கிடப்பது. எழுந்து நிற்பது பூச்சியை எதிர்க்கும். படிந்து கிடப்பது அழகாக இருக்கும்.

நிறம்: பெரும்பாலும் கறுப்பு.

பூச்சி

ஹூஸ்டன் வட்டாரத்தில் பூச்சிவிலக்கி வாங்குவோர் மனத்தில் இருக்கும் பூச்சி ஒன்றே. லவ்பக் என்று வழங்கும் கறுப்பு ஈ, மார்பின் மேல்பக்கம் சிவப்பு. அறிவியல் பெயர் பிளேசியா நியார்க்டிகா. 1940-இல் ஹார்டி என்பவர் அறிவியலுக்கு இதை விவரித்துத் தந்தபோது, மாதிரி கிடைத்த இடம் நம் பக்கத்து கால்வெஸ்டன். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்து ஆய்வகத்திலிருந்து தப்பித்த பூச்சி இது என்று ஒரு கதை ஊரெங்கும் உலவுகிறது. பொய். மத்திய அமெரிக்கப் பக்கமிருந்து வளைகுடாக் கரையோரமாகத் தானாகவே பரவிய பூச்சி. இருந்தும் கதை சாகவில்லை. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஏதாவது ஒன்று வெளியே பறந்து வந்தது என்று நம்ப மக்களுக்கு ஆசை.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை ஒரு பருவம், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இன்னொன்று. வெயில் பட்ட வண்டிப்புகை இதை ஈர்க்கும். அதாவது சாலைக்குத் தானே தேடி வருகிறது. அடிபட்ட உடல் முதலில் ஏறத்தாழ நடுநிலையில், 6.5 பிஎச் அளவில் இருக்கும். ஒரு நாள் வெயிலில் விட்டால் 4.25 வரை அமிலமாகிப் பெயின்ட்டைத் தின்னும். ஆகவே அன்றன்றே கழுவவேண்டும்.

இப்பூச்சி ஆணும் பெண்ணும் இணைந்தபடியே பறக்கும். இதை எத்திணையில் வைப்பது என்பதில் அறிஞரிடையே (அதாவது இரவு உணவின்போது) கருத்து வேறுபாடு எழுந்தது. இணைந்திருப்பதால் அகம். நெடுஞ்சாலையில் வீழ்வதால் புறம். வெயில் காயும் தார்ச்சாலை என்பதால் பாலை என்றேன் நான். பாலைக்குப் பிரிவு வேண்டுமே, இவை மோதிய பிறகும் பிரிவதில்லையே, ஆகவே பெருந்திணை என்றார் மைத்துனர் (வாய்மொழி, இரண்டாம் தோசை). “கைக்கிளைன்னு போடுங்கண்ணா. இவர்தான் வண்டியைக் காதலிக்கிறார், வண்டி இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்ல” என்றார் மைத்துனரின் மனைவி (மறுப்புரை, சமையலறை, முற்பகுதி மிக்சி ஓசையில் சிதைந்துள்ளது). இப்பாடமே பொருத்தமானதாகக் கொள்ளப்பட்டது.

காற்று

முன்விளிம்பில் எழுந்து நிற்கும் பட்டை எதிர்க்காற்றை மேலே தள்ளும், அந்தக் காற்றோடு பூச்சியும் எழும்பிக் கண்ணாடிக்கும் மேலாகப் போய்விடும் என்பது விற்பவர் மரபு (பெட்டி, மேல்மூடி, வளைந்த அம்புக்குறி). லேசான கொசு வேண்டுமானால் காற்றோடு வளையும். வண்டுக்கும் வெட்டுக்கிளிக்கும் எடை இருக்கிறது. காற்று வளைந்தாலும் அவை நேராகத்தான் வரும். ஆஸ்டினுக்குத் தெற்கே 130-ஆம் எண் மாநில நெடுஞ்சாலையில் மணிக்கு 85 மைல் வரை, ஏறத்தாழ 137 கிலோமீட்டர், போகலாம். அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த வேக வரம்பு அது. அந்த வேகத்தில் வரும் வெட்டுக்கிளிக்கு அம்புக்குறியைப் படித்துப் பார்க்க நேரமிருக்காது.

இன்றைய பிக்கப்பின் முகம் வேறு சுவர்போல உயர்ந்து நிற்கிறது. பெரும்பாலான பூச்சிகளை வாங்கிக்கொள்வது கிரில். அங்கே தப்பித்தவை கண்ணாடிக்குப் போகின்றன. இடையில் நாலு விரல் அகலத்துக்கு பானெட் விளிம்பு ஒன்று உண்டு. பூச்சிவிலக்கி காப்பது அதைத்தான். கல் தெறித்துப் பெயின்ட் போகும் இடமும் அதுவே என்பதால் வாங்கியது வீணில்லை. கண்ணாடியைத் துடைக்கும் வேலை மிச்சமாகும் என்று நினைத்து வாங்கினால் வீண்.

பொருத்துதல்

சில வண்டிகளில் பானெட்டின் அடியில் ஏற்கெனவே உள்ள துளைகளில் திருகு முடுக்கினால் போதும். படிந்து கிடக்கும் வகை பெரும்பாலும் இருபுறமும் ஒட்டும் டேப்பில் நிற்கிறது. 3எம் நிறுவனத்தின் விஎச்பி என்னும் அக்ரிலிக் நுரை டேப், 1980-இல் வந்தது. உயரக் கட்டடங்களில் முகப்புத் தகடுகளைத் தாங்கும் டேப் வகை என்பதால் அதன் வலிமையில் ஐயம் வேண்டாம். ஐயம் எல்லாம் ஒட்டுகிற ஆளிடம்தான்.

ஒட்டும் இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஆல்கஹால் துணியால் துடைக்கவேண்டும். மெழுகு பூசிய பானெட் என்றால் இரண்டு முறை. துடைத்த இடத்திலோ டேப்பின் முகத்திலோ விரல் படக்கூடாது. விரலில் தலை தடவிய எண்ணெய் இருந்தால் டேப் அதைத்தான் பற்றும், பெயின்ட்டை அல்ல. டேப்பின் சிவப்பு உறையை முழுதும் உரிக்காமல் இரண்டு முனையிலும் சிறிதளவு உரித்து வெளிப்பக்கமாக மடித்துவிடவேண்டும். பட்டையை நடுவில் பொருத்தி வைத்து, மாஸ்கிங் டேப்பால் குறித்த அடையாளத்தோடு சரிபார்த்து, பிறகு மடித்த வாலைப் பிடித்து மெல்ல இழுத்தால் உறை முழுதும் வெளியே வரும். அவசரப்பட்டு இழுத்தால் வால் பாதியில் அறுந்து, மீதி உறை உள்ளேயே தங்கிவிடும். எடுக்க நகம் போதாது.

ஒட்டும்போது பரப்பின் வெப்பம் 21-லிருந்து 38 டிகிரி செல்சியஸ்வரை இருந்தால் நல்லது. குளிர்காலக் காலையில் ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொள்ளலாம். அழுத்தி ஒட்டிய இருபது நிமிடத்தில் பசை பாதி வலிமை பெறும், 24 மணி நேரத்தில் 90 விழுக்காடு, 72 மணி நேரத்தில் முழுமை. அதுவரை வண்டியைக் கழுவும் கடைக்குக் கொண்டுபோகக்கூடாது.

இக்கட்டுரையில் பயனுள்ள பகுதி இது ஒன்றே. கருத்தரங்கில் நேரம் போதாதபோது தலைவர் மணியடித்து வெட்டச் சொல்வதும் இப்பகுதியைத்தான்.

இடைவெளி

இனி ஆய்வின் இதயப்பகுதிக்கு வருவோம். பூச்சிவிலக்கியைப் பொருத்திய பிறகு அதற்கும் பானெட்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி தோன்றுகிறது. முன்பு இல்லாத இடைவெளி. இதை யாரும் வாங்கவில்லை, பெட்டியிலும் வரவில்லை, விலைப்பட்டியலிலும் இல்லை. பின் எங்கிருந்து வந்தது?

இடைவெளி பானெட்டைச் சேர்ந்தது என்பது ஒரு கொள்கை. பூச்சிவிலக்கியைச் சேர்ந்தது என்பது இன்னொன்று. அது இரண்டையும் சேராத தனிப்பொருள் என்பது மூன்றாவது. அது பொருளே அல்ல, பொருளின்மையே என்பது நான்காவது. இந்த வழக்கு வெறும் தத்துவம் அல்ல. யார் கழுவவேண்டும் என்பது இதைப் பொறுத்தது. மைத்துனர் நான்காம் கொள்கையினர். இல்லாததை எப்படிக் கழுவுவது என்பது அவர் வாதம் (வாய்மொழி, சோபா). “இல்லாததிலிருந்து எப்படிங்க நாத்தம் வருது?” என்பது மறுப்பு (மைத்துனரின் மனைவி, கராஜ், மூக்கைப் பொத்தியபடி கூறியதால் மெய்யெழுத்துகள் சில தெளிவாக இல்லை).

இடைவெளியின் கூறுகள் ஐந்து. முதற்கூறு: விரல் நுழையாது. இரண்டாம் கூறு: விரல் தவிர மற்றெல்லாம் நுழையும். மார்ச் மாதத்தில் ஓக் மரத்திலிருந்து உதிரும் மகரந்தச் சரம், சாலைமண், மழையில் ஊறிய சருகு, லவ்பக்கின் கால். மூன்றாம் கூறு: உள்ளே போன மண் வெளியே வராது, வேகத்தில் பட்டை அதிர அதிர, மண் பெயின்ட்டைத் தேய்க்கும். அதற்காகவே பட்டையின் அடியில் சிறு ரப்பர் குமிழ்கள் ஒட்டத் தருகிறார்கள். அவை படும் இடத்தில் பெயின்ட் காக்கும் ஒளிபுகு படலம் ஒட்டினால் இன்னும் நல்லது. பெட்டியில் வந்த குமிழ்கள் பெட்டியிலேயே பத்திரமாக இருக்கின்றன (பெட்டி, அடிமூலை, சிறு பிளாஸ்டிக் பை, பிரிக்கப்படாதது). நான்காம், ஐந்தாம் கூறுகள் பக்க வரம்பு கருதி விடப்படுகின்றன. பக்க வரம்பு ஏதும் விதிக்கப்படவில்லை.

தூய்மைசெய்யும் முறையில் நான்கு கட்சிகள் உண்டு. நீர்க்கட்சியார் ஹோஸ் குழாயை இடைவெளியில் காட்டிப் பீய்ச்சுவர். மண் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும். துணிக்கட்சியார் நீளத் துணியை உள்ளே விட்டு இரு கையாலும் முன்பின் இழுப்பர். துணி உள்ளே சிக்கும். களைவுக்கட்சியார் ஹீட் கன்னால் பசையைச் சூடாக்கி, மீன்பிடி நரம்பால் அறுத்து, பட்டையையே எடுத்துவிட்டுக் கழுவவேண்டும் என்பர். எடுத்துப் பார்த்தால் மூடியிருந்த இடம் மட்டும் புதுப் பெயின்ட்டாகப் பளபளக்க, சுற்றிலும் வெளுத்திருக்கும், அதை மறைக்க இன்னொரு பூச்சிவிலக்கி வாங்கவேண்டி வரும். நான்காவது கட்சி, மழை பெய்யட்டும் என்று இருப்பது. தொன்மையும் செல்வாக்கும் மிக்கது இதுவே.

இவ்விடத்தில் மூலத்திலேயே ஒரு சிக்கல். தூய்மை செய்வது பற்றிப் பொருத்துமுறைத் தாளில் ஒரு பத்தி இருக்கிறது. அதில் ‘அவ்வப்போது’ என்று இருப்பதை ‘எப்போதாவது’ என்று மைத்துனர் உரை காண்கிறார் (தாள், பின்பக்கம், எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்த மூன்றாம் பத்தி, கண்ணுக்கு எட்டிய எழுத்துகளைக் கொண்டு ஊகித்த பாடம், இதை ஏற்காத மைத்துனர் மகன், பள்ளி மாணவன், தன் கண்டனத்தைத் தனியே பதிவு செய்துள்ளான், பார்க்க: வண்டியின் பின்கதவு, தூசியில் விரலால் எழுதியது, மழைக்கு முந்தைய பதிப்பு, மழைக்குப் பிந்தைய பதிப்பில் இரண்டாம் சொல் இல்லை, இரண்டாம் சொல் இல்லாமலிருப்பதே நல்லது என்பது அவன் தாயார் கருத்து).

இவ்வளவு நுணுகிப் பார்த்தபோதுதான் ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு கிட்டியது. பட்டையின் இடக்கோடியில், இடைவெளியின் உட்புறத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு மண்குழல். மண்குளவி கட்டியது. டெக்சஸில் மழை படாத பொந்து எங்கே கிடைத்தாலும் கட்டும் பழக்கம் அதற்கு. கட்டிய குழலுக்குள் சிலந்திகளை மயக்கிக் கொண்டுவந்து அடைத்து, முட்டையிட்டு, மண்ணால் வாயைப் பூசிவிடும். கூடு நெடுஞ்சாலையில் போய் வந்தும் உதிரவில்லை.

ஆக, பூச்சிவிலக்கியின் வெளிப்புறத்தில் பூச்சி விலக்கப்படுகிறது, உட்புறத்தில் வளர்க்கப்படுகிறது. கருதுகோள் பாதி மெய்ப்பிக்கப்பட்டது. எதிர்க்கருதுகோளும் பாதி மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டு பாதியும் சேர்ந்தால் ஒரு முழு ஆய்வேடு ஆகும் என்பது துறையின் மரபு. மைத்துனரிடம் இம்முடிவை அறிவித்தேன். “அத்தான், அந்தக் கூட்டை எடுத்தீங்களா இல்லையா?” என்றார். ஆய்வாளன் களத்தில் தலையிடக்கூடாது என்று விளக்கினேன்.

மேலாய்வுக்குரிய களங்கள்

இடைவெளியின் வலக்கோடி இன்னும் ஆராயப்படவில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் இளைஞர் எவரேனும் முன்வந்தால் வண்டியைத் தர மைத்துனர் இசைந்திருக்கிறார். தங்குமிடமும் சாப்பாடும் அவர் வீட்டிலேயே. ஹோஸ் குழாய், பழைய பல்துலக்கி, ஆல்கஹால் துணி எல்லாம் கராஜில் இருக்கின்றன. ஆய்வை முடித்துப் புறப்படும்போது வண்டியைக் கழுவிவிட்டுப் போகவேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. விதித்தவர் மைத்துனரின் மனைவி. இதில் பாடபேதம் கிடையாது.